மடி கொடுக்காத தாய்மாமன்

என் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் பெயரால் இன்று சோறுண்ண வந்திருக்கும் உறவினர்களும், அவரோடு பணியாற்றிய நண்பர்களும், இந்த மலரைக் கையில் வாங்கியதும் முதலில் புகைப்படத்தைப் பார்ப்பீர்கள்; பிறகு விசிறிக்கொள்வீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, மாசி வெயில் அப்படி. ஆனால் பந்தியில் இலை போடும் வரை நேரம் இருக்கிறது, அதற்குள் இதைப் படித்துவிடுங்கள். வழக்கமாக இப்படிப்பட்ட மலர்களில் இறந்தவர் எல்லோருக்கும் நல்லவராக இருப்பார், எழுதுகிறவர் கண்ணீர் மல்க எழுதுவார். என் அண்ணன் எல்லோருக்கும் நல்லவராக இருக்கவில்லை. என் கண்ணீரும் போன ஆண்டே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது கோபம்தான், அதைத்தான் எழுத முடியும்.

அண்ணனைப் பற்றி நம் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. "தாய்மாமன் மடி குடுக்கல, சாமி குத்தமாயிருச்சு, அதான் அந்தப் பையன் போயிட்டான்" என்பது அந்தப் பேச்சு. அது அண்ணன் பாடை வரை வந்தது. வாசலில் மூங்கில் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ரத்தத்தத் தோண்டித் தோண்டிப் பாத்தானுங்க, கடசீல அந்த ரத்தமே தூக்கிட்டுப் போயிருச்சு" என்றார். அவர் இன்றும் வந்திருப்பார். பெயரை எழுதப் போவதில்லை, படித்தால் அவருக்கே தெரியும். அந்தப் பேச்சு பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. வரும் பங்குனியில் நம் சொந்தத்தில் இன்னொரு ஆண் குழந்தைக்குக் காது குத்து. மஞ்சள் தடவிய பத்திரிகை என் வீட்டுக்கும் வந்திருக்கிறது.

ராசிபுரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவே உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் பிறந்தோம். மூத்தவள் அக்கா, அடுத்து அண்ணன், கடைக்குட்டி நான். அப்பாவுக்குக் கொஞ்சம் காடும், கிணற்றில் ஓர் ஆயில் என்ஜினும், ஒரு லாரியில் பங்கும் இருந்தன. அண்ணன் தலையெடுத்ததும் லாரியை முழுதாக எழுதி வாங்கிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. அண்ணனோ சேலத்துக் கல்லூரியில் விலங்கியல் படிக்கப் போனார். "ஏஞ்சாமி, தவளைய அறுத்துப் பாத்தா லோடு ஏத்தீர முடியுமா?" என்று அப்பா கடைசி வரை கேலி செய்தார். ஆனால் ஒரு முறையும் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அண்ணன் மேற்படிப்புக்குச் சென்னை போன ஆண்டு அப்பா காலமானார். அதன்பின் தோட்டம் குத்தகைக்குப் போனது, லாரிப் பங்கு பெரியப்பா கைக்குப் போனது. எங்கள் வீட்டில் எது நல்லது எது கெட்டது என்று முடிவு செய்கிற வேலையையும் பெரியப்பாவே எடுத்துக்கொண்டார்.

அண்ணன் மரபியல் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு கரும்பலகை. எழுபதுகளின் தொடக்கம் அது. வகுப்பில் பேராசிரியர் ஒரு குடும்பத்தின் கொடிவழியை வரைந்தாராம். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். சின்னக் காயத்திலும் இரத்தம் உறையாமல் போகிற ஒரு நோய், அதில் இறந்த பையன்களின் சதுரங்களை மட்டும் சாக்குக்கட்டியால் அப்பி நிரப்பினாராம். தாய் வழியாக வரும், பெண்களை ஒன்றும் செய்யாது, அவர்கள் பெற்ற ஆண் பிள்ளைகளில் சிலரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி வந்தார். அம்மா வாசலில் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, உங்க பொறந்தவனுங்க எத்தன பேரு செத்தாங்க?"

"எதுக்குடா சாமி இப்ப அதெல்லாம்? மூணு பேரு. பெரியவன் பல்லு உழுந்து ரத்தம் நிக்காமப் போனான். நடுவலவன் முட்டீல அடிபட்டு வீங்கிப் போனான். சின்னவன் வாய்க்கால்ல வழுக்கி உழுந்தான், தலைல ஒரு காயங்கூட இல்ல, பொழுது சாயறதுக்குள்ள கண்ண மூடிட்டான். காலாகாலத்துல காது குத்தல, அதான் சாமி கேட்டுருச்சுன்னாங்க."

"உங்களுக்கும் சின்னம்மாவுக்கும் ஒண்ணும் ஆகலையா?"

"பொட்டப் புள்ளைகளுக்கு என்ன ஆகும்? நாங்க கல்லாட்டம் இருந்தம்."

அண்ணன் பையிலிருந்து நோட்டை எடுத்து மூன்று சதுரம் வரைந்து மூன்றையும் நிரப்பினார். அவருக்கு அந்த நோய் இல்லை, இருந்திருந்தால் சிறுவயதில் புளியமரத்திலிருந்து விழுந்தபோதே போயிருப்பார். நோய் இல்லாத ஆணின் பிள்ளைகளுக்கும் அது வராது. அவர் தப்பிவிட்டார், ஆனால் அக்காவும் நானும் தப்பினோமா என்பது தெரியாது. இரண்டு பேரில் யார் அதைச் சுமக்கிறோம் என்று பார்த்துச் சொல்ல அன்றைக்கு வழி இல்லை. அந்த வழியைத் தேடித்தான் அண்ணன் வாழ்நாள் முழுவதும் போனார். கல்யாணம் செய்துகொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். பிற்காலத்தில் பெண் கேட்டும் போனோம். "அவிங்க ஊட்டுல ரத்தத்துல என்னமோ இருக்குதாமே" என்று சொல்லி அனுப்பினார்கள். நம் ஜில்லாவிலேயே அந்த நோய்க்குக் கொஞ்சமும் பயப்படத் தேவையில்லாத மாப்பிள்ளை அவர்தான் என்பதை யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை.

எழுபதுகளின் இறுதியில் அண்ணன் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படிக்கும் முறை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. நம் உயிரணுவுக்குள் நூல் மாதிரி சுருண்டு கிடப்பது டி.என்.ஏ. அதில் நான்கே எழுத்துகள்தான், அவை முன்னும் பின்னுமாக மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். அதுவரை அப்படி ஒன்று எழுதியிருக்கிறது என்று தெரியும், வரிசையாகப் படிக்கத் தெரியாது. அண்ணன் அதைக் கையால் செய்யக் கற்றுக்கொண்டார். நான்கு குழாய்களில் அந்த நூலின் நகல்களை, ஒவ்வொரு குழாயில் ஒவ்வோர் எழுத்தில் நின்றுபோகும்படி செய்வார்கள். கதிர்வீச்சுள்ள பாஸ்பரஸைச் சேர்ப்பார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நுங்கு மாதிரி ஒரு பசையை ஊற்றி உறைய வைத்து, மின்சாரம் பாய்ச்சி அதற்குள் ஓட விடுவார்கள். சிறிய துண்டு வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். பிறகு எக்ஸ்ரே ஃபிலிமை அதன்மேல் வைத்தால் நான்கு பத்திகளில் கறுப்புக் கோடுகள் விழும். கீழிருந்து மேலாக எந்தப் பத்தியில் கோடு வருகிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் வாசிப்பு. பின்னாளில் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது அண்ணன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அங்கேயே இருக்கச் சொன்னார்கள். வந்துவிட்டார். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. அந்த நிலையத்தின் பெரியவருக்கு நெல்லும் கோதுமையும்தான் மரபியல். "இரத்தம் உறையாத நாலு பையன்களுக்காக அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை" என்று நேராகவே சொன்னாராம். கருவி வரவழைத்துத் தரவில்லை. அண்ணன் லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக இங்கேயே செய்துகொண்டார். கண்ணாடித் தகடுகள் செவ்வாய்ப்பேட்டையில் நிலைக்கண்ணாடி விற்கும் கடையில் அறுத்தவை. பசையில் பள்ளம் விழச் செய்யும் சீப்பை நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து வெட்டிக் கொடுத்தார்கள். "எஞ்சினியரு என்னமோ பேன் சீப்பு கேக்கறாருங்க" என்று அங்கே சிரிப்பார்களாம். வடக்கிலிருந்து பார்சலில் வரும் பாஸ்பரஸ் நாளுக்கு நாள் வீரியம் குறைகிற பொருள். ரயிலிலும் குடோனிலும் கிடந்து கைக்கு வரும்போது பாதி செத்திருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் படித்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளில் அவர் பெயர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கும். முதல் பெயர் யாருடையது என்று கேட்டால், "ஆய்வுக்கூடத்துக்குள்ள வராதவரு" என்பார். பதவி உயர்வு இரண்டு முறை அவரைத் தாண்டிப் போனது.

இனி அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தான், பெயர் செந்தில். தவழத் தொடங்கியதும் முழங்காலில் நீலம் நீலமாகத் திட்டு விழுந்தது. எறும்பு கடித்தது என்றார்கள், தூக்கத்தில் புரண்டது என்றார்கள். அண்ணன் லீவில் வந்தவர் குழந்தையை மடியில் போட்டு அந்தத் திட்டுகளைத் தடவிப் பார்த்தார். மறுநாள் ஒரு குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்துப் போனார். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்ததில் சந்தேகம் இல்லாமல் தெரிந்துவிட்டது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களில் ஒன்று அவனுக்கு அறவே இல்லை.

அண்ணன் அதை அக்கா வீட்டுக்கு வந்து, மச்சான், பெரியப்பா, அம்மா எல்லோரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஊசி போட்டால் அழுத்திப் பிடிக்க வேண்டும், பல் விழும்போது கவனிக்க வேண்டும், அடிபட்டால் சேலம் கொண்டு போக வேண்டும், கவனமாக வளர்த்தால் வளர்வான் என்றார். காது குத்தக் கூடாது, மொட்டைக்குக் கத்தி வைக்கக் கூடாது என்றும் சொன்னார். மச்சான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாதான் பேசினார்.

"ஏஞ்சாமி, நீ படிச்சவன், செரி. இது வெளிய தெரிஞ்சா நம்மூட்டுப் பொண்ணுகள எவங் கட்டுவான்? இதா நிக்கறா பாரு உன்ற தங்கச்சி. இவளுக்கு வரன் வந்துட்டு இருக்குது. இவள என்ன பண்ணப் போற?"

"என்னை வச்சுப் பேசாதீங்க பெரிப்பா" என்றேன்.

"பொட்டப்புள்ள நீ உள்ள போ."

உள்ளே போகவில்லை, அங்கேயேதான் நின்றேன். அதனால் நடந்தது முழுவதும் தெரியும். என் கல்யாணத்தைக் காரணம் காட்டி ஒரு குழந்தையின் காதைக் குத்த முடிவு செய்தார்கள். ஊரெல்லாம் முதல் ஆண் பிள்ளைக்குக் குலசாமி கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்தும்போது இந்த வீட்டில் மட்டும் செய்யவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்களாம். அது போக, அம்மாவின் உடன்பிறந்தவர்கள் செத்ததே காது குத்தத் தாமதித்ததால்தான் என்ற பழைய பயம். நோய்க்கு அஞ்சி எதைச் செய்யக் கூடாதோ அதையே நோய்க்கு மருந்தாக நினைத்த குடும்பம் நம்முடையது.

அண்ணன் செய்த தவறு ஒன்று உண்டு, அதையும் மறைக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த மாட்டார்கள் என்று அவர் நம்பினார். "நான் மடி கொடுக்க மாட்டேன், சீரும் கொண்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் காரியம் நின்றுபோகும் என்று கணக்குப் போட்டார். அப்படியே சொல்லவும் செய்தார். எத்தனையோ தலைமுறையின் வழிவழிச் சங்கதியைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சொந்தத் தலைமுறையைப் படிக்கத் தெரியவில்லை. நம் ஆட்கள் சாமியிடம்கூடப் பரிகாரம் பேசித் தீர்த்துக்கொள்கிறவர்கள். தாய்மாமன் வராவிட்டால் தாய்மாமன் முறையில் ஒருவனைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும்? சின்னம்மா மகன் ராசு அக்காவுக்குத் தம்பி முறை. அப்போதுதான் மீசை அரும்பி, பெரியவர்கள் பேச்சைத் தட்டத் தெரியாமல் இருந்தான். அவனுக்குப் புது வேட்டி எடுத்துக் கட்டிவிட்டு உட்கார வைத்தார்கள்.

அண்ணன் காது குத்துக்கு வரவில்லை என்பது உண்மை. எங்கே இருந்தார் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். சேலம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவரோடு பள்ளியில் படித்த டாக்டர் ஒருவர் அங்கே வேலையில் இருந்தார். இரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைத்த நீரை அண்ணன் ஐஸ் பெட்டியில் வைத்து, பெங்களூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே ஏந்திக்கொண்டு வந்திருந்தார். அது உடம்பில் ஏறினால் இரத்தம் உறையும். "எது நடந்தாலும் நேரா இங்க கொண்டு வரச் சொல்லு, வேறெங்கயும் போக வேண்டாம்" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். கோயிலில் நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சுப காரியத்தில் அபசகுனம் பேசுகிறாள் என்று என்னைப் பொங்கல் அடுப்பைப் பார்க்கச் சொன்னார்கள்.

நாவிதர் கையில் குறையில்லை, ஆசாரி கையிலும் குறையில்லை. குழந்தை திமிறியதில் மண்டையில் ஒரு கீறல் விழுந்தது, காதில் இரண்டு துளை. வேறு எந்தக் குழந்தைக்கும் அது பந்தி முடிவதற்குள் காய்ந்துவிடும். செந்திலுக்கு மஞ்சள் வைத்தார்கள், சுண்ணாம்பு வைத்தார்கள், காபித்தூள் வைத்து அழுத்தினார்கள். ராசுவின் புது வேட்டி நனைந்தது. மறுநாள், "சாமிக்கு இன்னம் மனசு ஆறல" என்று மேட்டூர்ப் பக்கம் ஒரு பூசாரியிடம் காரில் கொண்டு போனார்கள். சேலத்தைத் தாண்டித்தான் கொண்டு போனார்கள். அண்ணன் இருந்த ஆஸ்பத்திரி அந்த வழியில்தான் இருந்தது.

பூசாரியே பயந்துபோய், "எடுத்துட்டுப் போயிருங்க சாமி, இது என்ற வேலையில்ல" என்று சொன்ன பிறகுதான் திரும்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காரிலிருந்து குழந்தையை வாங்கியவர் அண்ணன். டாக்டர் ஊசி ஏற்ற நரம்பு தேடினார், கிடைக்கவில்லை. காலில் கிடைத்தது. கட்டிலில் போட்டால் அலறினான், அதனால் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து அவனை மடியில் கிடத்திக்கொண்டார். மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அண்ணனின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். பிறகு கையை விட்டுவிட்டான். நான் பக்கத்தில் நின்றேன், அக்கா சுவரோரம் நின்றாள். செந்தில் செத்தது அவனுடைய சொந்தத் தாய்மாமன் மடியில். மடி கொடுக்காதவர் என்று இனி யாராவது சொன்னால் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து இதைச் சொல்வேன்.

காரியம் முடிவதற்குள் கதை மாறிவிட்டது. சீர் வராததால் சாமி குத்தம், முறை மாறியதால் சாமி குத்தம், படித்த திமிரால் சாமி குத்தம். பெரியப்பா எட்டுப்பட்டியிலும் அதையே சொன்னார். மச்சான் அண்ணனை வீட்டுப் படியேறக் கூடாது என்றார். அக்கா பேச்சை நிறுத்தினாள். அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன், அவள் பிள்ளையைக் கொடுத்தவள். மற்றவர்கள் எதைக் கொடுத்தீர்கள்?

அண்ணன் பெங்களூருக்குத் திரும்பினார். வேலை செய்தார். செந்திலிடம் எடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ. குளிர்பெட்டியில் இருந்தது. அந்த நோய்க்குரிய மரபணுவை அதற்குள் வெளிநாட்டில் கண்டுபிடித்து, அதன் எழுத்து வரிசையை அச்சிட்டுவிட்டார்கள். நல்ல வரிசை எது என்று தெரிந்த பிறகு, செந்திலின் வரிசையில் எங்கே பிசகு என்று பார்ப்பதுதான் வேலை. சொல்லும்போது எளிது. அந்தச் செத்த பாஸ்பரஸையும் செவ்வாய்ப்பேட்டைக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, நிலையத்தின் நெல் வேலை முடிந்த பிறகு கிடைத்த நேரத்தில் செய்தார். ஆண்டுகள் போயின. கொஞ்சம் இரத்தத்திலிருந்தே வேண்டிய பகுதியை மட்டும் பெருக்கிக்கொள்ளும் முறை வந்த பிறகுதான் வேகம் கூடியது.

ஒப்பிட்டுப் பார்க்க அக்காவின் இரத்தமும் வேண்டியிருந்தது. கேட்கச் சொல்லி அவர் என்னை அனுப்பவில்லை, நானாகத்தான் போய்ச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அம்மா வீட்டுக்கு வந்தாள். அண்ணன் கூடத்தில் இருந்தார். அவரைப் பார்க்காமல் பாயில் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். "எடுத்துக்கச் சொல்லு" என்று என்னிடம் சொன்னாள். அண்ணன் எடுத்தார். பஞ்சை வைத்து, இரத்தம் நின்ற பிறகும் நெடுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. 

அப்போது நான் ஆட்டையாம்பட்டியில் பள்ளிக்கூட வேலையில் இருந்தேன். அண்ணன் ஃபிலிம்களைச் சுருட்டி என் வீட்டுக்கு எடுத்து வருவார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவர் படிக்க, நான் எழுதுவேன். "ஏ, ஜி, ஜி, டி, சி" என்று அவர் சொல்லிக்கொண்டே போவார், தெருவில் தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். தூளிக் குழந்தைக்குத் தாலாட்டுவது போல ஒரே இழுவையில் வரும் அந்தக் குரல். ஒரு நாள் நடுவில் நிறுத்தினார். திரும்பக் கீழிருந்து படித்தார். இன்னொரு ஃபிலிமை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருந்தது. ஓர் எழுத்துத்தான். என் அம்மாவின் மூன்று உடன்பிறப்புகளும் செந்திலும் அந்த ஓர் எழுத்தால் போயிருக்கிறார்கள். அண்ணன் ஃபிலிமைக் கீழே வைத்துவிட்டு, "சாமியுமில்ல, முனியுமில்ல, நானுமில்ல" என்று சொல்லி அழுதார்.

அதன்பின் தாய் வழிப் பெண்களில் யார் அந்த எழுத்தைச் சுமக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல அவரால் முடிந்தது. இந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்லக் கூடியவர் அவர் ஒருவர்தான். சிலர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து இரத்தம் கொடுத்தார்கள். அண்ணன் ஃபிலிமில் பெயர் எழுத மாட்டார், எண் மட்டும் இருக்கும். முடிவை இரத்தம் கொடுத்தவரிடம் மட்டுமே சொல்வார். மற்றவர்கள் முடிவை எனக்கும் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. வந்தவர்கள் யார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, அவர்கள் பயப்பட வேண்டாம்.

என் முடிவை எழுத எனக்கு உரிமை உண்டு. நான் அந்த எழுத்தைச் சுமக்கிறேன். இதை அச்சில் போடுகிறேன், இருநூறு பிரதி. என்னைப் பெண் பார்க்க வந்த வங்கி ஊழியரிடம் நானே சொன்னேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு மரியாதையாகக் கும்பிட்டுப் போனார். பெரியப்பா பயந்தது நடந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. நான் சம்பாதிக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஒரு பிள்ளையைச் சாகக் கொடுத்துக் காப்பாற்றுகிற அளவுக்குக் கல்யாணம் பெரிதில்லை.

அண்ணனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. எங்கிருந்து வந்தது என்று டாக்டர்களுக்கும் தெரியவில்லை, நானும் கதை கட்ட மாட்டேன். கீழாநெல்லியும் பார்த்தோம், ஆஸ்பத்திரியும் பார்த்தோம். கடைசி நாட்களில் என் வீட்டில்தான் இருந்தார். நண்பர் ஒருவர் கொண்டு வந்த வெளிநாட்டுப் பத்திரிகையில் ஓர் இயந்திரத்தின் படம் இருந்தது. கதிர்வீச்சு வேண்டாம், ஃபிலிம் வேண்டாம், நான்கு எழுத்துக்கும் நான்கு நிறம், இயந்திரமே படித்துக்கொள்ளுமாம். அண்ணன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இனிமே மெஷினே படிச்சுரும். ஆனா படிச்சதக் காதுல வாங்க நம்ம ஊர்ல ஆளு வேணுமே" என்றார். சில நாட்களில் காலமானார். சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சாப்பிடாமல் போனீர்கள், எங்கள் வீட்டில் கை நனைத்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தீர்களோ என்னவோ. அக்கா வந்தாள். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து, எடுக்கும் வரை தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை மயிரிழை பிசகாமல் அறுத்துக் கொடுத்த செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரருக்கும், பேன் சீப்புப் பட்டறைக்காரர்களுக்கும், நரம்பு தேடிய டாக்டருக்கும், ஐஸ் பெட்டிக்கு இடம் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்த பஸ் கண்டக்டருக்கும், கையை நீட்டிய அக்காவுக்கும் எங்கள் நன்றி. சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கு இன்று சாப்பாடு இருக்கிறது.

கடைசியாக, ராசு, உனக்கு. நீயும் வந்திருக்கிறாய், பந்தலில் எங்கோ உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பாய். பங்குனியில் காது குத்து உன் தங்கை மகனுக்கு. இந்த முறை நீ முறைக்கு மாமனில்லை, சொந்தத் தாய்மாமன். அந்தக் குழந்தை அந்த எழுத்தோடு பிறந்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரத்தில் அவன் இரத்தம் உறைகிறதா என்று சோதித்துச் சொல்லிவிடுவார்கள், நானே கூட வருகிறேன். உன் தங்கையைத் தனியாகக் கூட்டிப் போய், அந்த எழுத்து அவளிடம் உண்டா என்று கேள், பெரியவர்கள் காதுபட வேண்டாம். வாயால் சொல்ல முடியாவிட்டாலும் அவள் முகம் சொல்லும். முடிவு தெரிவதற்குள் உன்னைப் பந்தலில் கூப்பிடுவார்கள், புது வேட்டி கொடுப்பார்கள், சாமி பேரைச் சொல்வார்கள், என் அண்ணனைப் போல ஆகிவிடாதே என்பார்கள். அந்த வேட்டியின் ஈரம் உனக்கு மறந்திருக்காது.

மடி கேட்பார்கள். உட்காராதே.